நண்டு வலையா, வீச்சு வலையா: ஐடில் கேமும் ஸ்டெல்த் கேமும்

ஏப்ரல் 15 வந்தால் மண்டபம் துறையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பவர்கள் பார்ப்பார்கள், கிழிந்த வலையைப் பின்னுபவர்கள் பின்னுவார்கள். மீதி நேரத்தில் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கும் கைக்குள் செல்போன் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் இங்கே சின்னதாக செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தடைக்காலத்தில் டிஸ்பிளே மாற்ற வருபவர்கள் ஒரு பங்கு என்றால், "நல்லதா ஒரு கேம் போட்டுக் குடுங்கண்ணே" என்று வருபவர்கள் இரண்டு பங்கு.

இந்த வருடம் ஒரே வாரத்தில் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவன் அக்கா மகன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது, கல்லூரி திறக்கும்வரை வீட்டில்தான் இருப்பான். "மாமா, தானா வளருமே, அந்த மாதிரி கேம் போட்டுக் குடுங்க. அப்பப்ப எடுத்துப் பாத்துக்கிட்டா போதும்" என்றான். ஐடில் கேமைத்தான் சொல்கிறான். இன்னொருவர் என் மச்சான். நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. அதனால் இந்த இரண்டு மாதமும் அவருக்கு வேலை உண்டு. அவர் கேட்டது பதுங்கிப் பதுங்கிப் போய் ஆளை வீழ்த்தும் ஸ்டெல்த் கேம். யாரோ படகில் விளையாடியதைப் பார்த்திருக்கிறார்.

இருவருக்கும் அவர்கள் கேட்டதை நான் போட்டுக் கொடுக்கவில்லை. மாற்றிக் கொடுத்தேன். ஏன் மாற்றினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இதே கேள்வியோடு கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரம் நின்று சொல்வதை எழுதி வைத்தால், படித்துவிட்டு வரட்டும்.

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டு விளையாட்டையும் விளக்க நான் வேறு உதாரணம் தேடுவதில்லை. சாயங்காலம் வடகடலில் நண்டு வலையை இறக்கி, முனையில் கல்லும் மிதவையும் கட்டி, மிதவையில் ஒரு கொடியைச் செருகிவிட்டுக் கரைக்கு வந்துவிடுகிறோம். ராத்திரி முழுக்க நாம் தூங்குகிறோம், வலை வேலை செய்கிறது. விடியலில் போய் இழுத்தால் நீலக்கால் நண்டு மாட்டியிருக்கும். ஐடில் கேம் இதுதான்.

வீச்சு வலை வேறு. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா கூட்டிப் போனார். முட்டளவுத் தண்ணீர். "காலைத் தூக்கி வைக்காத, மணல்லயே தேச்சு நட" என்றார். தூக்கி வைத்தால் தண்ணீர் சளப்பென்று சத்தம் போடும், மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும் திருக்கையை மிதித்துவிட்டால் முள் குத்தும். இரண்டுக்கும் ஒரே மருந்து, தேய்த்து நடப்பது. சூரியனைப் பார்த்தபடி போகச் சொன்னார். முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் நம் நிழல் முன்னால் விழும், மடவைக் கூட்டம் நிழலைக் கண்டதும் ஓடிவிடும். மடித்த வலையைத் தோளில் சரித்துப் போட்டுக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி, இருபது நிமிடம் போல நடந்திருப்போம். வலை அவர் கையை விட்டுப் போனது ஒரு நொடி. ஈயக் குண்டுகள் வட்டமாகத் தண்ணீரில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த முறை கிடைத்தது. கிடைக்காத முறைகளில் அப்பா எதுவும் பேசாமல் வலையைக் கூட்டிக்கொண்டு, வேறு இடம் பார்த்து, திரும்பவும் முதலிலிருந்து நடப்பார். ஸ்டெல்த் கேமில் வேண்டியது அத்தனையும் அந்த நடையில் இருக்கிறது.

முதலில் ஐடில் கேமுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய குக்கி கிளிக்கரை ஒர்த்தீல் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக்காரர் 2013-ல் வெளியிட்டார். திரையில் பெரிய பிஸ்கட் ஒன்று. தட்டினால் ஒரு பிஸ்கட் சேரும். 15 சேர்ந்ததும் கர்சர் ஒன்று வாங்கலாம். அது நமக்குப் பதிலாகப் பத்து நொடிக்கு ஒரு முறை தானே தட்டும். நூறு சேர்ந்தால் பாட்டி ஒருவர் வருவார், அவர் சுட்டுக்கொண்டே இருப்பார். பிறகு பண்ணை, சுரங்கம், தொழிற்சாலை என்று போகும். இதன் சூட்சுமம் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது: 1.15. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 சதவீதம் ஏறும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வட்டிக்கு வட்டி கணக்கு எப்படி ஏறும் என்று கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும். ஐந்து வாங்குவதற்குள் விலை இரண்டு மடங்காகிவிடுகிறது. 15-ல் தொடங்கிய கர்சர், பத்து வாங்கிய பிறகு சுமார் 61. ஐம்பது வாங்கிய பிறகு சுமார் 16,255.

இன்னும் ஒரு படி உள்ளே போய்க் கணக்குப் போட்டு மருமகனுக்குக் காட்டினேன். முதல் கர்சர் தனக்குப் போட்ட 15 பிஸ்கட்டை இரண்டரை நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். ஐம்பத்தோராவது கர்சர், நடுவில் வேகத்தைக் கூட்டும் மேம்பாடு எதுவும் வாங்காமல் இருந்தால், தன் விலையைத் திருப்பிக் கொடுக்க 45 மணி நேரம் ஆகும். அதனால் மேம்பாடு வாங்கியே ஆக வேண்டும், அதற்கு இன்னும் சேர்க்க வேண்டும், அதற்கு இன்னொரு முறை திறக்க வேண்டும். தொடக்கத்தில் வெகுமதி மழையாகக் கொட்டும். போகப் போகத் தூறலாகும். தூறலான நேரத்தில், அதுவரை சேர்த்ததை எல்லாம் விட்டுக்கொடுத்து முதலிலிருந்து தொடங்கினால் நிரந்தரமாக வேகம் கூட்டித் தருவதாகச் சொல்வார்கள். திரும்ப மழை. இந்தச் சுற்றுதான் ஐடில் கேமின் எலும்புக்கூடு. மேலே சுரங்கம் என்று தோல் போர்த்தினாலும், கோழிப்பண்ணை என்று போர்த்தினாலும் உள்ளே இருப்பது இதுதான்.

போனை மூடி வைத்திருக்கும்போது சேர்கிறதே, அது எப்படி என்று பலர் கேட்பார்கள். பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது, பேட்டரி தின்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அப்படி இல்லை. மூடும்போது மணி என்ன என்று குறித்துக்கொள்ளும். திறக்கும்போது மணி பார்க்கும். இடையில் போன நேரத்தை வேகத்தால் பெருக்கி மொத்தமாகக் கொடுத்துவிடும். அவ்வளவுதான். அதனால்தான் போனின் கடிகாரத்தைத் தள்ளி வைத்து ஏமாற்றுகிறார்கள். சில விளையாட்டுகள் அதைத் தடுக்க சர்வரில் மணி பார்க்கும். அந்த வகை கடலில் சிக்னல் இல்லாதபோது கணக்கை நிறுத்திவிடும். கேமைப் போட்டதும் போனை ஏர்பிளேன் மோடில் வைத்து ஒரு முறை திறந்து பாருங்கள், எந்த வகை என்று தெரிந்துவிடும். இன்னொன்று, பல விளையாட்டுகளில் மூடியிருக்கும் நேரத்துக்கு உச்சவரம்பு உண்டு. இத்தனை மணி நேரத்துக்கு மேல் சேராது. வலை நிரம்பியதும் நண்டு நின்றுவிடுகிற மாதிரி. "வந்து அள்ளு" என்று அறிவிப்பு வருவது அப்போதுதான்.

ஸ்டெல்த் விளையாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த வகை எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை.

1987-ல் ஜப்பானில் ஹிடியோ கோஜிமா மெட்டல் கியரை உருவாக்கியபோது, அது ஓட வேண்டிய எம்எஸ்எக்ஸ்2 கணினியில் ஒரே நேரத்தில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் காட்ட முடியாது. சண்டை விளையாட்டுக்கு அது பெரிய குறை. அவர் சண்டையைக் குறைத்து, எதிரி கண்ணில் படாமல் போவதையே விளையாட்டாக்கிவிட்டார். குறையிலிருந்து பிறந்த வகை இது. 1998-ல் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் தீஃப் வெளியிட்டது. அதில் கேரட் என்ற திருடனாக நாம் இருட்டில் நடக்கிறோம். திரையின் அடியில் சிறிய கல் ஒன்று இருக்கும். நாம் வெளிச்சத்தில் நின்றால் அது ஒளிரும், நிழலில் நின்றால் மங்கும். காவலாளிக்கு நாம் எவ்வளவு தெரிகிறோம் என்பது அந்தக் கல்லில் தெரியும். தரையும் கணக்கில் வரும். கம்பளத்தில் நடந்தால் சத்தமில்லை, கல் தரையில் நடந்தால் கேட்கும், இரும்புத் தட்டில் நடந்தால் கூடம் முழுக்கக் கேட்கும். தீவட்டியை அணைக்கத் தண்ணீர் அம்பு, சத்தம் வராமல் தரையை மெத்தென்று ஆக்கப் பாசி அம்பு என்று கையிருப்பு கொஞ்சம்தான்.

முதல் முறை விளையாடியபோது ஒரு கூடத்தின் ஓரத்தில் நின்றுவிட்டேன். காவலாளி ஏதோ முனகிக்கொண்டு போகிறான், திரும்புகிறான், வருகிறான். நடுவில் இருக்கும் தூரம் பத்தடி, தரை கல். அவன் முதுகு காட்டும் நேரத்தை மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை போனது. அந்த ஏழுக்குள் கடக்க வேண்டும், ஓடினால் கேட்கும், மெதுவாகப் போனால் ஏழு போதாது. அப்போது என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கியிருந்தன. அப்பா சொன்ன தேய்த்து நடக்கும் நடை உடம்பில் எங்கோ இருந்திருக்கிறது.

நல்ல ஸ்டெல்த் விளையாட்டில் காவலாளி ஒரே பாய்ச்சலில் எதிரியாக மாட்டான். முதலில் சந்தேகம் வரும், நின்று பார்ப்பான். பிறகு தேடுவான். கடைசியில்தான் கூச்சல் போடுவான். அந்தப் படிகளுக்கு இடையில் நமக்குத் தப்பிக்க இடம் இருக்கும். 2012-ல் வந்த மார்க் ஆஃப் தி நிஞ்சாவில் நம் காலடிச் சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்பதை வட்டமாக வரைந்தே காட்டுவார்கள். கற்றுக்கொள்ள அதைவிட எளிதானது நான் பார்த்ததில்லை. ஹிட்மேன் வரிசையில் பதுங்குவதைவிட வேஷம் போடுவது முக்கியம். 2016-ல் வந்த ஹிட்மேனில் சபியென்சா என்று ஒரு கற்பனை இத்தாலியக் கடற்கரை ஊர் வரும். கடற்கரை, தேவாலயம், மேட்டில் மாளிகை. சமையல்காரன் உடுப்பில் போனால் அடுக்களைக்குள் விடுவார்கள், மற்ற இடத்தில் சந்தேகப்படுவார்கள். ஊரைச் சுற்றிப் பார்க்கவே ஒரு மணி நேரம் போகும், அது வீணான நேரமும் இல்லை.

இப்போது நேரக் கணக்குக்கு வருகிறேன். முடிவு எடுப்பவர்கள் பெரும்பாலும் தவறுகிற இடம் இதுதான்.

"நேரம் இல்லைண்ணே, அதனால ஐடில் போடுங்க" என்பார்கள். ஒரு முறை திறந்தால் இரண்டு நிமிடம்தான், உண்மை. ஸ்டெல்த் விளையாட்டில் ஒரு இடத்தை முதல் முறை முடிக்க முக்கால் மணி, ஒரு மணி ஆகும், அதுவும் உண்மை. ஆனால் என் மருமகன் இதற்கு முன் ஒரு மாதம் விளையாடிய ஐடில் கேமை அவன் போனின் அமைப்புகளில் போய்ப் பார்த்தேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ஒரு நாளில் நாற்பது தடவைக்கு மேல் திறந்திருக்கிறான். இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் எண்பது நிமிடம். நிமிடம்கூடப் போகட்டும். நாற்பது முறை புத்தகத்தை விட்டு எழுந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் திரும்ப வந்து விட்ட வரியைத் தேடியிருக்கிறான். அக்கா "எந்நேரமும் போனு, எந்நேரமும் போனு" என்று கத்தியபோது, "ரெண்டு நிமிசம்தாம்மா" என்று அவன் சொன்னதும் பொய்யில்லை, அக்கா சொன்னதும் பொய்யில்லை.

ஸ்டெல்த் விளையாட்டு ஒரு மணி நேரத்தை மொத்தமாகக் கேட்கும். ஆனால் வேலை முடிந்ததும் விட்டுவிடும். மாளிகைக்குள் போனோம், எடுத்தோம், வெளியே வந்தோம், முடிந்தது. இரவு அறிவிப்பு அனுப்பி "காவலாளி காத்திருக்கிறான்" என்று கூப்பிடாது. பதினைந்து இருபது இடங்கள் முடிந்தால் கதையும் முடியும். ஐடில் கேமில் பெரும்பாலானவற்றுக்கு முடிவே கிடையாது. முடிவுள்ளவை சில இருக்கின்றன: 2013-ல் வந்த எ டார்க் ரூம், 2017-ல் ஃப்ராங்க் லான்ட்ஸ் செய்த யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ். இரண்டும் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும்தான், படம் கிடையாது. இரண்டுமே அருமையானவை. ஐடில் வகையை ஒரு தடவையாவது பார்க்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டைத்தான். அணைந்த அடுப்பில் தீ மூட்டுவதில் தொடங்கும் எ டார்க் ரூம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லிவிட்டால் கெட்டுவிடும், சொல்லவில்லை.

ஆகவே எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்காதீர்கள். எப்போது விடும் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியில் ஸ்டெல்த் தெளிவாக முன்னால் நிற்கிறது.

அப்படியானால் மச்சானுக்கு ஏன் ஐடில்? அதற்குப் போனைப் பற்றியும் படகைப் பற்றியும் பேச வேண்டும். பழுதுபார்ப்பவனாக எனக்குத் தெரிந்தவை இவை.

ஸ்டெல்த் விளையாட்டில் பாதி இருட்டு. இருட்டு இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. வெட்டவெளியில், தண்ணீரிலிருந்து வெயில் எகிறும் படகில், இருண்ட திரையில் நம் முகம்தான் தெரியும், காவலாளி தெரிய மாட்டான். வெளிச்சத்தை முழுக்க ஏற்றினால் போன் கொதிக்கும். முப்பரிமாணப் படம் வரையும்போது சிப் ஏற்கெனவே சூடாகியிருக்கும், அதோடு வெயிலும் சேர்ந்தால் போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். அப்படியே சார்ஜ் போட்டுக்கொண்டு விளையாடி பேட்டரி உப்பிப்போய் வந்த போன்கள் ஒவ்வொரு கோடையிலும் என் மேசைக்கு வருகின்றன. அடுத்தது கை. தொடுதிரை நம் விரலின் மின்னேற்றத்தை உணர்ந்து வேலை செய்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈரக் கையோடு தொட்டால் விரல் ஒரு இடத்தில், தொடுகை இன்னொரு இடத்தில் விழும். ஐடில் கேமில் பட்டன் தவறினால் இன்னொரு முறை தட்டலாம். ஸ்டெல்த் கேமில் ஒரு தவறான தொடுகைக்கு நிழலை விட்டு வெளியே நிற்பீர்கள், அரை மணி நேர உழைப்பு போய்விடும். பாலித்தீன் உறைக்குள் போட்டு விளையாடினால் இன்னும் மோசம்.

இன்னொரு சங்கதி, நேரம் எப்படித் துண்டுபடுகிறது என்பது. மச்சானுக்குக் கிடைப்பது வலை இடத்துக்குப் போகும் வழியும், இறக்கிவிட்டு நிற்கும் கொஞ்ச நேரமும்தான். எந்த நொடியும் "இந்தா, கயித்தப் புடி" என்று குரல் வரும். நடுக்கூடத்தில் காவலாளி திரும்பும் நேரத்தில் அந்தக் குரல் வந்தால் ஒன்று விளையாட்டு கெடும், அல்லது வேலை கெடும். வேலை கெடக் கூடாது. கடலில் கண் போனுக்குள் இருப்பதே நல்லதில்லை என்பது என் முடிவான கருத்து. மச்சானிடமும் சொன்னேன். கரைக்கு வந்து திறக்கும் விளையாட்டாக இருந்தால் போதும் என்று பேசி முடித்தோம். அதற்கு ஐடில் பொருந்துகிறது. அவர் வலை போட்டுவிட்டு வருகிற நேரத்தில் அதுவும் சேர்த்துக்கொண்டிருக்கும்.

சிக்னல் விஷயமும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் போகிறவர்களின் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துவிடும். விளம்பரம் காட்டும் கேம்கள் சும்மா இருக்கும்போதும் டேட்டாவைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. நல்ல ஸ்டெல்த் விளையாட்டுகள் பெரும்பாலும் முதலிலேயே காசு கேட்கும், பிறகு கேட்காது. ஐடில் விளையாட்டுகள் பெரும்பாலும் இலவசம், பிறகு கேட்டுக்கொண்டே இருக்கும். விளம்பரம் பார்த்தால் இரண்டு மடங்கு, வைரம் வாங்கினால் நான்கு மடங்கு. போன வருடம் எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது. என் சின்ன மகள் என் போனில் ஒரு ஐடில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். பெட்டி ஒன்று பளபளத்தது, தொட்டாள், பணம் செலுத்த கடவுச்சொல் கேட்கும் அமைப்பை நான் போட்டு வைக்கவில்லை. மூன்று முறை தொட்டிருக்கிறாள். பணம் திரும்பி வர நாலு நாள் அலைந்தேன். அவளை யாரும் திட்டவில்லை. ஆனால் அந்தப் பெட்டி எந்த நிறத்தில், எந்த இடத்தில், எந்த நேரத்தில் வந்தது என்று பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. குழந்தையின் விரல் போகிற இடம் பார்த்து வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து கடைக்கு வரும் ஒவ்வொரு போனிலும், கேம் போடும் முன் பணம் செலுத்தக் கடவுச்சொல்லைக் கட்டாயமாக்கித் தருகிறேன்.

ஸ்டெல்த் பற்றிப் பெற்றவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். கொலை செய்யும் விளையாட்டுதானே என்று அக்காவும் கேட்டாள். நியாயமான கேள்வி. ஹிட்மேன் கூலிக்குக் கொல்பவனின் கதை, அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த வகையில் கொல்லாமல் போவதைத்தான் திறமையாக மதிக்கிறார்கள். தீஃபில் மிகக் கடினமான படிநிலையைத் தேர்ந்தால் மனிதர்களைக் கொல்லவே கூடாது, கொன்றால் தோற்றுவிடுவோம். 2012-ல் வந்த டிஸ்ஆனர்டை ஒருவரைக்கூடக் கொல்லாமல் முடிக்கலாம். கொன்றுகொண்டே போனால் ஊரில் எலியும் நோயும் பெருகும், முடிவும் இருண்டதாக வரும். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஒளிஞ்சு புடிச்சு மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன். அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் வரவில்லை.

மருமகனுக்குப் போனில் போடவில்லை. அவன் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி பீரோ மேல் தூசி பிடித்துக் கிடந்தது. உப்புக்காற்றில் சார்ஜர் முனை பச்சை பூத்திருந்தது, சுரண்டிச் சுத்தம் செய்தேன். பேட்டரி போய்விட்டது, கரண்டில் போட்டால் ஓடுகிறது. இன்றைய பெரிய விளையாட்டுகள் அதில் ஓடாது. 1998-ன் தீஃப் ஓடும். பழைய விளையாட்டு என்று முகம் சுளித்தான், படம் கட்டம் கட்டமாக இருக்கிறது என்றான். "வெளக்க அணைச்சுட்டு, ஹெட்போன் மாட்டி ஒரு மணி நேரம் விளையாடு மாப்ள, அப்புறம் சொல்லு" என்றேன். கீபோர்டில் மெதுவாக நடக்க ஒரு விசை, குனிய ஒரு விசை என்று தனித்தனியாக இருப்பது நல்லது. போனில் இரண்டு கட்டைவிரலும் திரையில் கால்வாசியை மறைத்துவிடும், நடையின் வேகத்தை நிதானிப்பதும் கஷ்டம். மடிக்கணினி ஓரிடத்தில் செருகி இருப்பதால் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாற்பது முறை திறக்க முடியாது. அதுவும் எனக்கு வேண்டியதாக இருந்தது.

மடிக்கணினி இல்லை, போன் மட்டும்தான் என்பவர்களுக்கு இரண்டு வழி. போன் வலுவானதாக இருந்தால் ஹிட்மேன் பிளட் மணியின் கைபேசிப் பதிப்பு 2023 இறுதியில் வந்தது. பெரியவர்களுக்கு மட்டும், வீட்டுக்குள் உட்கார்ந்து மட்டும். போன் சாதாரணமானது, நேரமும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்றால் 2014-ல் வந்த ஹிட்மேன் கோ. ஆடுபுலி ஆட்டம் மாதிரி கோடு போட்ட பலகை. நாம் ஒரு காய் நகர்த்தினால் காவலாளிகளும் ஒரு கட்டம் நகர்வார்கள், நாம் யோசிக்கும்வரை உலகம் நிற்கும். பதுங்குவதன் சாரம் இருக்கிறது, அவசரம் இல்லை. ஒரு பலகைக்குச் சில நிமிடம். நாளெல்லாம் பயணிகளைப் பார்த்து நிற்கும் ஆட்டோக்காரத் தம்பிகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். சவாரி வந்தால் அப்படியே பைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

மச்சான் போனில் ஐடில் கேம் ஒன்று போட்டேன். சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடுகிற வகை, படம் எளிது, எழுத்து பெரிது. கடவுச்சொல் போட்டேன். அமைப்புகளுக்குள் போய் அந்த விளையாட்டின் அறிவிப்பு முழுவதையும் அணைத்தேன். ஐடில் கேம் போடுகிற யாராக இருந்தாலும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள். நாம் நினைத்தபோது விளையாட்டைத் தேடிப் போகலாம், அது நம்மைத் தேடி வரக் கூடாது.

நாலு நாள் கழித்துக் காலையில் மச்சான் கடைக்கு வந்தார். நண்டு கீறிய விரல்களில் மஞ்சள் பூசியிருந்தார்.

"என்ன மச்சான், கேமு ஒரு சத்தமும் போட மாட்டேங்குது. கெட்டுப்போச்சா?"

"நாந்தான் வாயைக் கட்டிவெச்சிருக்கேன். தொறந்து பாருங்க."

பாலித்தீன் உறையை அவிழ்த்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திறந்தார். ராத்திரிக் கணக்கு மொத்தமாக வந்து விழுந்தது. இரண்டு சுரங்கம் வாங்கினார், எண்ணைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டினார், மூடினார். போனைத் திரும்ப உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு, எடை போடும் இடத்தில் நண்டு நிற்கிறது என்று கிளம்பிவிட்டார்.